உள்ளே முப்பத்தைந்து, வெளியே முப்பத்தொன்று

தம்பி, முதலில் நம் வீட்டுப் பிள்ளைகளின் சேதிகளைச் சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லலாம் என்று வைத்தால் மறந்துவிடுவேன். உன் அண்ணன் மகள் திவ்யாவுக்குப் படிப்பு முடிவதற்குள்ளேயே வேலை கிடைத்துவிட்டது. குரோம்பேட்டைக் காலேஜுக்கே கம்பெனிக்காரர்கள் வந்து கேள்வி கேட்டு எடுத்துக்கொண்டார்களாம். அவள் தம்பி அஸ்வின் கேரம் போட்டியில் மாவட்ட அளவில் ஆடப் போகிறான்; நம் வீட்டில் கட்டிலுக்கு அடியில் கிடந்த அந்தப் பழைய போர்டில் பழகியவன்தான். உன் அக்கா கலாவின் மகன் பிளஸ் டூ கணக்கில் நூற்றுக்கு நூறு. அவன் தங்கை படம் வரைந்து பள்ளியில் முதல் பரிசு வாங்கினாள். மழைக்காலத்துத் தாம்பரம் ஸ்டேஷனை வரைந்தாளாம், குடையெல்லாம் தனித்தனியாகத் தெரிகிறது. ஐந்தாம் வகுப்போடு நின்ற என் வீட்டில் இத்தனை நடக்கிறது என்று தெருவில் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. காய்கறி வண்டிக்காரர் என்னைப் பார்த்தாலே, "பாட்டி, இன்னிக்கு யாரு பாஸு?" என்கிறார். நேற்று அவரிடம் உன் மகளைப் பற்றிச் சொன்னேன். யாழினி குப்புறக் கவிழ்ந்துவிட்டாள், நாலு மாதம்கூட முழுதாக நிறையவில்லை என்றேன். "அதுவும் பாஸுதான்" என்று ஒரு கொத்து கொத்தமல்லி கூடப் போட்டார்.

இதைப் பேப்பரில் எழுதி வைத்துக்கொண்டு திவ்யாவின் போனில் வாசிக்கிறேன். நான் வாசிக்க வாசிக்க அது எழுத்தாக்கிக்கொள்கிறது. அதை உனக்கு அனுப்பினால் உன் போன் அதன் குரலில் உனக்குப் படித்துக் காட்டும். நான் சொல்வதை ஒரு போன் கேட்டு, இன்னொரு போன் சொல்லி, நீ கேட்க வேண்டியிருக்கிறது. நேரிலேயே சொல்லலாமே என்பாய். நேரில் என்றால் நீ நடுவில் சிரிப்பாய், நான் பேச்சை மாற்றிவிடுவேன். போன வாரம் நீ கேட்டாய்: "அம்மா, அன்னிக்கி ஏன் திடீர்னு கெளம்பிட்ட? கோவமா போனியா?" வெயிலாக இருந்தது, முட்டி வலி என்று ஏதோ சொன்னேன். அந்தக் கேள்வியிலிருந்தே என் மருமகள் செல்வி உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை என்று தெரிந்துகொண்டேன். அவள் சொல்லாததை நானே சொல்லிவிடுவதுதான் முறை.

அக்னி நட்சத்திரத்தில் நான் ஊரப்பாக்கம் வந்தது உங்களுக்கு ஒத்தாசைக்கு என்று நீ நினைத்தாய். நானும் அப்படித்தான் சொன்னேன். ஆனால் நான் வந்தது குழந்தையைத் தாம்பரத்துக்குத் தூக்கிக்கொண்டு போக. செல்விக்கு அம்மா இல்லை, அதனால் பிரசவத்துக்குப் பிறகு நம் வீட்டில்தான் இருந்தாள். இரண்டு மாதம் ஆனதும் நீங்கள் இருவரும் உங்கள் வீட்டுக்குப் போகிறோம் என்றீர்கள். சரி என்று தலையாட்டினேன். அன்று முதல் எனக்குத் தூக்கம் இல்லை. கண் தெரியாத அப்பா, கண் தெரியாத அம்மா, மொட்டை மாடிக்குக் கீழே மூன்றாவது மாடியில் வீடு, கையில் பச்சைக் குழந்தை. யாரிடம் சொன்னாலும் "ஐயோ" என்றார்கள். அந்த ஐயோவையெல்லாம் நான் சேர்த்து வைத்துக்கொண்டேன். உன் அண்ணன் பாஸ்கரிடம் பேசி, "நான் கூப்பிட்டா காரை எடுத்துட்டு வா, ஒரு வருஷம் பாப்பா நம்ம வூட்ல வளரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று முடிவு செய்துவிட்டுத்தான் வந்தேன். எப்படியும் உங்கள் கையில் ஏதாவது தப்பு நடக்கும், அப்போது சொல்லலாம் என்று காத்திருந்தேன்.

நான் வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பேசும் டப்பா பார்சலில் வந்தது. உள்ளே வைக்க ஒன்று, வெளியே தொங்கவிட ஒன்று. வெளியே வைப்பது குளியல் சோப்பு அளவு. உள்ளே வைப்பதன் தலையில் ஒரே ஒரு பெரிய பட்டன். அழுத்தினால் உள்ளே எவ்வளவு சூடு, வெளியே எவ்வளவு சூடு என்று ஒரு பெண் குரல் இங்கிலீஷில் சொல்லும். செல்விதான் கேட்டு வாங்கியிருந்தாள். "உங்களுக்கு வேர்க்கிறது உங்களுக்குத் தெரியாதா, அதுக்கு ஒரு டப்பா வேணுமா?" என்று கேட்டேன். அதற்கு அவள், "எனக்கு வேர்க்கிறது எனக்குத் தெரியும் அத்தை. அடுப்பங்கரையில இருந்து வந்தா எனக்கு ஹாலே ஜில்லுனு இருக்கும். அத நம்பி பாப்பாவுக்கு எப்படி இருக்குன்னு சொல்ல முடியாதுல்ல" என்றாள். நல்ல பதில்தான். அன்று எனக்கு அது வாயாடித்தனமாகப் பட்டது.

நீ தரையில் உட்கார்ந்து இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு தடவித் தடவி மூடியைத் திறந்தாய். பாட்டரியை நான் போடுகிறேன் என்று வாங்கி, அவசரத்தில் தலைகீழாகப் போட்டேன். "அம்மா, ஸ்பிரிங் இருக்கிற பக்கம் தட்டையான முனை வரணும்" என்று நீ விரலால் காட்டினாய். அப்புறமும் அது உள்ளே இருக்கிற சூட்டை மட்டும் சொன்னது, வெளியே இருப்பதைப் பற்றி வாயே திறக்கவில்லை. கூட வந்த காகிதத்தை உன் போன் கேமராவுக்கு முன் நான் பிடிக்க, அது இங்கிலீஷில் படிக்க, நீ கேட்டுச் சொன்னாய்: முதலில் வெளியே வைப்பதற்குப் பாட்டரி போட வேண்டும், பிறகுதான் உள்ளே வைப்பதற்கு, இரண்டும் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும் வரை பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும், அதற்குப் பிறகு பிரித்துக்கொண்டு போகலாம். கழற்றி மறுபடி போட்டாய். இரண்டும் சேர்ந்துகொண்டன. பட்டனை அழுத்தினால் நைன்ட்டி ஃபைவ் என்றது. இங்கிலீஷ் எண்கள் எனக்குத் தெரியும், பஸ் நம்பர் பார்த்தே வயதானவள். "தொண்ணூத்தஞ்சா? சோறே வெந்துடுமேடா" என்றேன். நீயும் செல்வியும் சிரித்த சிரிப்பில் தொட்டிலில் இருந்த குழந்தை விழித்துக்கொண்டது. பின்பக்கம் நகக்கண்ணில் தள்ளுகிற மாதிரி ஒரு சின்ன சுவிட்ச் இருந்தது. அதைத் தள்ளியதும் தர்ட்டி ஃபைவ் என்றது. அதே சூடுதான், நமக்குப் பழகிய அளவில்.

வெளியே வைப்பதை எங்கே மாட்டுவது என்று ஒரு பேச்சு நடந்தது, நினைவிருக்கிறதா? வாசல் பால்கனிக் கம்பியில், திருஷ்டிக்குக் கட்டிய கற்றாழைக்குப் பக்கத்தில் மாட்டலாம் என்றேன். செல்வி வேண்டாம் என்றாள். அங்கே மதியம் நேர் வெயில் அடிக்கும், வெயில் பட்டால் அது காற்றின் சூட்டைச் சொல்லாது, தான் சுடுகிற சூட்டைத்தான் சொல்லும் என்றாள். அடுப்பங்கரைக்குப் பின்னால் சன்ஷேடுக்குக் கீழே, நாளெல்லாம் நிழல் இருக்கிற இடத்தில் துணிக்கயிறு போட்டுக் கட்டினாய். "காக்கா தூக்கிட்டுப் போயிடும்" என்றேன். "போனா போட்டும் அத்தை, காக்கா கூட்டுல எவ்ளோ சூடுன்னு தெரிஞ்சிக்கலாம்" என்றாள். நான் சிரிக்கவில்லை. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அன்று சாயங்காலம்தான் சண்டைக்கு வித்து விழுந்தது. நாலு பிள்ளை பெற்று, ஒன்றைப் பறிகொடுத்து, மூன்றை வளர்த்தவள் நான். எனக்கு ஒரு முறை உண்டு. பகலில் வெளிச்சமும் காற்றும் வரட்டும் என்று சன்னலைத் திறப்பேன். விளக்கு வைக்கிற நேரம் வந்தால் எல்லாவற்றையும் சாத்துவேன். அந்தி நேரத்துக் காற்று பச்சைப் பிள்ளைக்கு ஆகாது என்று எனக்குச் சொன்னவர்கள் சொன்னார்கள், நான் உங்களுக்குச் செய்தேன். யாழினியைக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, பழைய வேட்டித் துணியில் கை கால் அடங்கச் சுற்றி, தலைக்குக் குல்லா போட்டு, சன்னலையெல்லாம் சாத்திவிட்டுத் தொட்டிலில் போட்டேன். ஃபேனையும் குறைத்தேன். செல்வி அலமாரிப் பக்கம் போய் டப்பாவின் பட்டனை அழுத்தினாள். உள்ளே முப்பத்தைந்து, வெளியே முப்பத்தொன்று என்றது டப்பா. "அத்தை, வெளிய நாலு கம்மியா இருக்கு. சன்னலைத் திறந்துடட்டுமா? வலை அடிச்சிருக்கு, கொசு வராது" என்றாள்.

"நாலு புள்ள பெத்தவகிட்ட டப்பாவ விட்டுப் பேச வைக்கிறியா?" என்று கேட்டேன். நீ நடுவில், "இன்னிக்கி அம்மா சொல்றபடி இருக்கட்டும் செல்வி" என்றாய். தம்பி, இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னது எனக்கு அந்த நிமிஷம் தேன் மாதிரி இருந்தது. ஆனால் நீ சொன்னது தப்பு. அம்மா மனம் கோணக்கூடாது என்று உன் பெண்டாட்டி சொன்ன சரியான சொல்லைத் தள்ளினாய். உன் அப்பாவும் தன் அம்மாவுக்கு முன்னால் என்னை அப்படித்தான் தள்ளுவார். பிறகு தனியாக வந்து சமாதானம் சொல்வார். தனியாகச் சொல்கிற சமாதானத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. நியாயம் இருக்கிற பக்கம், எல்லோருக்கும் முன்னால் நிற்க வேண்டும். எதிர்ப்பக்கம் நிற்பது நானாகவே இருந்தாலும் சரி.

அதற்குப் பிறகு நாலைந்து நாள் அந்த டப்பாவும் நானும் பேசிக்கொள்ளாத சம்பந்திகள் மாதிரி இருந்தோம். மருமகள் பேசினால் பதிலுக்கு நாலு பேசலாம். டப்பாவிடம் என்ன பேசுவது? அவள் எப்போது அழுத்துகிறாள் என்று அடுப்பங்கரையிலிருந்து காது கொடுத்துக்கொண்டே இருப்பேன். மதியம் நான் திறந்து வைத்த சன்னலை அவள் வந்து சாத்துவாள். அந்தியில் நான் சாத்தியதை அவள் திறக்கமாட்டாள், உன் சொல்லுக்காக. ஆனால் குழந்தையின் கழுத்தில் சிவப்பாக வேர்க்குரு வந்தது. நான் கண்ணால் பார்த்தேன், சொல்லவில்லை. அவள் விரலால் தடவிக் கண்டுபிடித்து என்னிடம் கேட்டாள், "அத்தை, சிவந்திருக்கா?" லேசாக என்றேன். லேசாக இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நீ பாங்குக்குப் போன பிறகு நடந்ததுதான் உனக்குத் தெரியாதது. உச்சி வெயில். செல்வி துணி அலசிக்கொண்டிருந்தாள். குழந்தை வீறிட்டு அழுதது. தூக்கிப் பார்த்தால் உடம்பு நெருப்பாகச் சுட்டது. காய்ச்சல் என்றேன். இதற்காகத்தான் வந்தேன், இதோ நடந்துவிட்டது என்று ஒரு பக்கம் பயம், ஒரு பக்கம், சொல்லவே கூச்சமாக இருக்கிறது, நினைத்தது சரியாகிவிட்டது என்ற ஒரு திருப்தி. பாஸ்கருக்குப் போன் போட்டு, "உடனே வாடா" என்றேன். ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு அப்படியே தாம்பரம், திரும்பி வருவதில்லை என்று மனசுக்குள் கோடு போட்டுவிட்டேன்.

செல்வி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து என்னிடமிருந்து குழந்தையை வாங்கினாள். அழவில்லை, பதறவில்லை. குல்லாவைக் கழற்றினாள். சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். பாதத்தைத் தொட்டாள், பிடரியில் புறங்கையை வைத்தாள், அக்குளில் விரல் வைத்தாள். பிறகு பட்டனை அழுத்தினாள். உள்ளே முப்பத்தாறு, வெளியே முப்பத்தொன்பது. அன்று காலையிலிருந்து எல்லாச் சன்னலையும் நான்தான் திறந்து வைத்திருந்தேன், காற்று வரட்டும் என்று. வந்தது காற்று இல்லை, வெளியே இருந்த அனல். அவளே போய்ச் சன்னல்களைச் சாத்தினாள். திரைச்சீலையை நனைத்துப் பிழிந்து மாட்டினாள், ஃபேனைப் போட்டாள். டாக்டரம்மாவின் கிளினிக்குக்குப் போன் செய்து நர்சிடம் கேட்டாள். துணியைக் கழற்றிப் பால் கொடுங்கள், அரை மணி நேரத்தில் சூடு இறங்கவில்லை என்றால், இல்லை பால் குடிக்கவில்லை என்றால் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பால் கொடுத்தாள். குழந்தை குடித்தது. குடித்துக்கொண்டிருக்கும்போதே செல்வி தன் கன்னத்தை அதன் உச்சந்தலையில் வைத்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "எறங்குது அத்தை" என்றாள். நானும் தொட்டுப் பார்த்தேன். இறங்கியிருந்தது. காய்ச்சல் இல்லை தம்பி. நான் சுற்றிய துணியும் நான் திறந்த சன்னலும்தான்.

பாஸ்கர் வந்து சேர்ந்தபோது குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. வேலைக்கு நடுவில் சொல்லிவிட்டு வந்திருப்பான் போல, ஜி.எஸ்.டி. ரோட்டில் நெரிசல் வேறு. செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இன்னாமா, ரெடியா? டிக்கில தொட்டில் வைக்க எடம் பண்ணிட்டேன். கலா ரூமக் காலி பண்ணி வெச்சிருக்கா" என்றான். அவன் குரல் உனக்குத் தெரியாததா, மெதுவாகப் பேச வராது. செல்விக்கு எல்லாம் கேட்டுவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தேன். நான் எதற்காக வந்திருக்கிறேன் என்பது அந்த ஒரு பேச்சில் அவளுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து குழந்தையோடு உள்ளே போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டிருந்தால் அதுதான் நியாயம். நானாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன்.

அவள் குழந்தையை எடுத்துக்கொண்டு நேராக நான் இருக்கிற பக்கம் வந்தாள். "அத்தை, கொஞ்சம் புடிங்க. அண்ணன் வெயில்ல வந்திருக்காரு, மோர் கரைச்சிட்டு வரேன்" என்று என் மடியில் வைத்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போனாள். வாசல் கதவு திறந்து கிடந்தது. கார் கீழே நின்றது. பாஸ்கர் என்னைப் பார்க்கிறான், நான் அவனைப் பார்க்கிறேன். உள்ளே பானையில் கரண்டி தட்டுகிற சத்தம், பெருங்காயம் எங்கே என்று டப்பாக்களை மோந்து பார்க்கிற சத்தம். அவள் அவசரப்படவே இல்லை.

"இன்னாமா பண்றது இப்போ?" என்றான் பாஸ்கர், தாழ்ந்த குரலில். "மோர் குடி" என்றேன்.

அவன் குடித்தான். ஊரப்பாக்கத்தில் தண்ணீர் எப்படி வருகிறது என்று செல்வியிடம் கேட்டான். அவள் வாரத்துக்கு எத்தனை லாரி என்று சொன்னாள். நான் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். வெயில் தாழ்ந்தது. கீழ்வீட்டில் யாரோ விளக்கேற்றி மணியடித்தார்கள். என் கை தன்னால் சன்னலைச் சாத்தப் போகிற நேரம் அது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து, அலமாரியிடம் போய், முதல் தடவையாக நானே பட்டனை அழுத்தினேன். உள்ளே முப்பத்தைந்து. வெளியே முப்பத்துமூன்று. ஒவ்வொரு சன்னலாகத் திறந்தேன். செல்வி கொக்கிச் சத்தத்தைக் கேட்டுத் திரும்பினாள். கடல் பக்கத்திலிருந்து கொஞ்சம் காற்று வந்தது. திரைச்சீலை அசைந்தது.

பிறகு குழந்தையை அவள் கையில் கொடுத்துவிட்டு என் பையை மட்டும் எடுத்துக்கொண்டேன். பாஸ்கர், "அப்போ தொட்டிலு?" என்றான். "அது அவங்க வூட்டுத் தொட்டில், அங்கியே இருக்கட்டும்" என்றேன். ஏன் அன்றே கிளம்பினேன் என்றால், என் கையை நான் அறிவேன். இன்னும் இரண்டு நாள் இருந்திருந்தால் மறுபடி துணியைச் சுற்றியிருப்பேன், மறுபடி நீ அம்மா சொல்றபடி இருக்கட்டும் என்றிருப்பாய். வாசலில் செல்வி, "அவர் வந்ததும் போயிருக்கலாமே அத்தை" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். உன்னிடம் அதைக்கூடச் சொல்லவில்லை. மாமியாரைப் பற்றிப் புருஷனிடம் சொல்ல இவ்வளவு பெரிய ஒன்று கையில் கிடைத்தும் சொல்லாத பெண்ணை நான் என் வயதில் பார்த்ததில்லை. அந்தச் சங்கதி உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இத்தனையும்.

உன்னைப் பற்றி எனக்கு எப்போதுமே இந்தப் பயம்தான். நீ முதல்முதலில் வேலைக்குப் போன நாள் உனக்குத் தெரியாமல் அதே ரயில் பெட்டியில் ஏறி, மூலையில் மூச்சுவிடாமல் நின்றுகொண்டு வந்தேன். குரோம்பேட்டை வந்ததும் நீ கூட்டத்துக்கு நடுவில், "அம்மா, எறங்கு, ஸ்டேஷன் வந்துடுச்சு" என்றாய். நான் தடவியிருந்த தலைவலித் தைலத்தின் வாசனை காட்டிக்கொடுத்துவிட்டது. பெட்டியே சிரித்தது. அன்றைக்கே நான் திருந்தியிருக்க வேண்டும். ஒரு பிள்ளை தானாக நடப்பதைப் பார்த்த பிறகும் பின்னாலேயே போவது பாசம் மாதிரி இருக்கும். அதற்குள் கொஞ்சம் நம்பிக்கையில்லாமையும் உட்கார்ந்திருக்கும். நாளைக்கு யாழினி தவழ்வாள், மாடிப்படி பக்கம் போவாள், ஊரே உங்களுக்குப் புத்தி சொல்ல வரும். கேட்டுக்கொள், ஆனால் செல்வியிடம் கேட்காமல் எதற்கும் தலையாட்டாதே. ஒத்தாசை வேண்டும் என்றால் கூப்பிடு. கூப்பிட்டால் அரை மணியில் ரயிலேறி வருவேன். கூப்பிடுவதால் நீ தோற்றதாக ஆகாது, கூப்பிடாவிட்டால் என்னை ஒதுக்கியதாகவும் நான் நினைக்கமாட்டேன். மழை தொடங்கினால் வெளியே தொங்குகிறதன் கயிற்றைப் பார்த்துக்கொள், இற்றுப் போயிருக்கும். டப்பாவின் குரல் கம்மினால் பாட்டரி மாற்று. வெளியே இருப்பதற்கு முதலில்.

ஒரே ஒரு வேண்டுதல். எனக்குக் குழந்தையின் புதுப் படம் ஒன்று வேண்டும், கவிழ்ந்து படுத்துத் தலையைத் தூக்குகிற மாதிரி. பக்கத்து வீட்டுக்காரர் யாரையும் எடுக்கச் சொல்லாதே. செல்வி பிடித்துக்கொள்ளட்டும், நீயே எடு. தலை பாதி வெட்டுப்பட்டாலும், சுவர்தான் அதிகம் தெரிந்தாலும் பரவாயில்லை. நீங்கள் இரண்டு பேரும் எடுத்த படம் என்று நான் எல்லோரிடமும் காட்டுவேன். போனில் வேண்டாம், கடையில் பிரிண்டு போட்டுத் தபாலில் அனுப்பு. வாங்கிக்கொள்ள நான் வரமாட்டேன். தபால்காரர் கொண்டுவரட்டும்.